மூன்றாவது கிழமை யார் பார்ப்பது?

தங்கச்சியின் வயிற்றுத் தையல் பிரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தொங்கிய வயிற்றுத் தோலை வெட்டி, கொழுப்பும் உறிஞ்சி எடுக்கிற அழகு ஒப்பரேசன் முடிந்து பதினைந்தாம் நாள். இஸ்தான்புல்லில் இருந்து லண்டன் வந்து ஒன்பதாம் நாள். குளியலறைக்குள் இருந்து "அக்கா" என்று கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. மெதுவாகக் கூப்பிட்ட விதத்திலேயே ஏதோ பிழையாகிவிட்டது என்று எனக்கு விளங்கியது. ஐந்து நாளாகக் கறுத்துக்கொண்டு வந்த, ஐம்பது பென்ஸ் குற்றி அளவான தோல், நடுத் தையலில் ஓரம் கழன்று நின்றது. உள்ளே மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தது. வயிற்றைச் சுற்றிப் போட்டிருந்த இறுக்குப் பட்டி முழுக்க வைக்கோல் நிறத்தில் நீர் ஊறியிருந்தது.

அந்தக் கறுப்பை அவள் வியாழக்கிழமையே படம் எடுத்து வட்ஸ்அப்பில் துருக்கிக்கு அனுப்பியிருந்தாள். "இது சாதாரணம் ஜானம், களிம்பு பூசுங்கள்" என்று பதில் வந்தது. ஜானம் என்றால் அங்கே கண்ணே, செல்லமே என்ற மாதிரி. ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லிக்கொண்ட அந்தப் பெண் ஐந்து மாதமாக எங்களை அப்படித்தான் கூப்பிட்டாள். ஞாயிறு காலை அனுப்பிய படத்துக்குப் பதில் வந்தது செவ்வாய் மத்தியானம்.

இதை எழுதுவது யாரையும் வெருட்ட இல்லை. நானும் அதே இடத்துக்கு 500 பவுண்ஸ் முற்பணம் கட்டி, ஜூன் மாதம் போக இருந்தவள். மார்ச்சில் அவளுக்குத் துணையாக நான் போவது, ஜூனில் எனக்குத் துணையாக அவள் வருவது, இதுதான் எங்கள் திட்டம்.

ஏன் போனோம் என்பதையும் சொல்ல வேண்டும். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். பிள்ளைகளுக்கு ஆறு வயதான பிறகும் வயிற்றுத் தோல் மடிந்து தொங்கி, வெயில் காலத்தில் மடிப்புக்குள் புண் வரும். எனக்கு மூன்றும் சிசேரியன். கலியாண வீட்டில் சாறியோடு நின்ற அவளிடம் "இது எத்தனையாவது மாதம் பிள்ளை?" என்று கேட்டவர்களை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். வடிவுக்காக உடம்பைக் கெடுக்கிறார்கள் என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மீது எனக்குக் கோபம்தான் வரும். ஆசை பிழையில்லை. லண்டனில் 9,500 பவுண்ஸ் கேட்டார்கள். அங்கே 3,900. அதற்குள் இரண்டு இரவு ஆஸ்பத்திரி, நாலு இரவு ஹோட்டல், விமான நிலையத்தில் இருந்து வாகனம் எல்லாம் அடக்கம். இரண்டு பேர் வந்தால் ஆளுக்கு 300 கழிவு. கழிவு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் என்றார்கள். அந்த வெள்ளிக்கிழமைதான் எங்களை அவசரப்படுத்தியது. வெட்டுக் கத்திக்குக் கீழே படுக்கிற விசயத்தில் நாள் குறித்துக் கழிவு தருகிறவர்களை அந்த இடத்திலேயே விட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

முற்பணம் கட்டிய பிறகு ஒரு படிவம் வந்தது. ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்ற கேள்விக்குத் தங்கச்சி இல்லை என்று போட்டாள். அவள் கர்ப்பத்தடைக் குளிசை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீடுகளில் அதை யாரும் மருந்து என்று எண்ணுவதில்லை. ஈஸ்ட்ரோஜன் உள்ள குளிசை ரத்தம் கட்டும் அபாயத்தைக் கூட்டும், பெரிய ஒப்பரேசனுக்கு நாலு கிழமைக்கு முன் நிறுத்துவதைப் பற்றி டொக்டரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. மாதவிடாய் அதிகம் போகுமா, இரும்புச்சத்துக் குறைவா என்று ஒருவரும் கேட்கவில்லை. காது குத்திய இடத்தில் அவளுக்குத் தழும்பு கட்டியாக வளர்ந்திருக்கிறது. எங்கள் நிறத் தோலுக்கு அது கூடுதலாக வரும், இடுப்பைச் சுற்றி ஓடப்போகிற ஒன்றரை அடித் தையலும் அப்படி வளரலாம். அதையும் கேட்கவில்லை. கேட்டது உயரம், நிறை, நாலு படம்.

ஆஸ்பத்திரி நல்ல துப்புரவு. இதைச் சொல்லாவிட்டால் அநியாயம். இரவு வேலைக்கு வந்த நேர்ஸ் ஒரு சொல் ஆங்கிலம் தெரியாமலே தங்கச்சியின் தலையைத் தடவித் தடவித் தண்ணீர் பருக்கினாள். துருக்கியில் அருமையான பிளாஸ்டிக் சர்ஜன்மார் இருக்கிறார்கள். பிழை அந்த நாட்டில் இல்லை. நாங்கள் போன வழியில் இருந்தது.

காலை ஆறரைக்கு ரத்தம் எடுத்தார்கள். ஏழு மணிக்குப் பதினொரு பக்கச் சம்மதப் பத்திரம் வந்தது, பாதி துருக்கி மொழி, பாதி ஆங்கிலம். ஏழே முக்காலுக்கு டொக்டர் வந்தார். வட்ஸ்அப்பில் சொன்ன பெயர் வேறு, சட்டையில் இருந்த பெயர் வேறு. தங்கச்சியை நிற்க வைத்து ஊதா நிறப் பேனையால் வயிற்றில் கோடு போட்டார். ஏழு, எட்டு நிமிசம் இருக்கும். அதற்குள் மொழிபெயர்க்க வந்த பிள்ளை இன்னொன்று கேட்டாள்: எடுக்கிற கொழுப்பை வீணாக்காமல் பின்பக்கத்தில் ஏற்றலாமே, 900 பவுண்ஸ் மட்டும். தங்கச்சி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்றேன். அப்போது எனக்குக் காசு மட்டும்தான் காரணம்.

அந்தச் சிகிச்சையைப் பற்றி வந்த பிறகு வாசித்தேன். பின்பக்கத் தசைக்குக் கீழே பெரிய நாளங்கள் ஓடுகின்றன. ஊசிக் குழாய் ஆழமாகப் போய்க் கொழுப்பு அதற்குள் புகுந்தால் நேரே இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய் அடைக்கும். மேசையிலேயே உயிர் போகலாம். 2017-இல் நிபுணர் குழு ஒன்று கணித்தபோது கிட்டத்தட்ட 3,000 பேருக்கு ஒரு சாவு என்று வந்தது. 2018-இல் பிரிட்டனின் அழகியல் பிளாஸ்டிக் சர்ஜன்மார் சங்கம் தன் உறுப்பினர்களை அதைச் செய்ய வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டது. பிறகுதான், தோலுக்கு அடியில் மட்டும் ஏற்றுவது போன்ற கட்டுப்பாடுகளோடு தளர்த்தினார்கள். அப்படி ஒன்றை, உடுப்புக் களைந்து கோடு போட்டு நிற்கிற பெண்ணிடம், ஒப்பரேசனுக்கு அரை மணிக்கு முன் விற்கப் பார்த்தார்கள். என்னால் இன்னும் மன்னிக்க முடியாத இடம் இதுதான்.

பிரிட்டனில் மருத்துவக் கவுன்சிலின் விதி 2016-இல் இருந்து இப்படி இருக்கிறது: அழகு சிகிச்சையில் சம்மதம் கேட்கிற பொறுப்பைச் செய்யப்போகிற டொக்டர் வேறொருவரிடம் ஒப்படைக்கக் கூடாது, யோசிக்கவும் நேரம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் அந்த விதி எங்களோடு வராது. ஆனால் அதே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு போக எங்களை யாரும் தடுக்க முடியாது.

ஆறாம் நாள் விமானம் ஏறினோம். வயிறு ஒட்டுகிற ஒப்பரேசனுக்குப் பின் ஏழில் இருந்து பத்து நாள் வரை பறக்க வேண்டாம் என்று பிரிட்டனின் பொது மருத்துவ சேவையான என்எச்எஸ் சொல்கிறது. ஒப்பரேசனும் நெடுநேரம் அசையாமல் இருப்பதும் தனித்தனியே ரத்தம் கட்ட வைக்கும், இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். எங்கள் ஹோட்டல் நாலு இரவுதான் என்பதால் திரும்பும் நாளை முடிவு செய்தது எல்லாம் அடக்கமான அந்தக் கட்டணப் பொதி, உடம்பு இல்லை. நாலு மணித்தியாலம் அவள் குனிந்தபடி இருந்தாள். ரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசி பத்துத் தந்திருந்தார்கள், அதை நான்தான் போட்டேன்.

ஒப்பரேசன் முடிந்து ஒன்பதாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கி நொந்தது. ஒரு கால் மட்டும் வீங்கினால், மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால் யோசிக்காமல் ஓட வேண்டும் என்று மட்டும் எனக்குத் தெரியும். அவசர சிகிச்சைப் பிரிவில் அந்த இளம் டொக்டர், ஒப்பரேசன் செய்தவர்களுக்கு ரத்தக் கட்டியைத் தேடும் ரத்தப் பரிசோதனை எப்படியும் கூட்டித்தான் காட்டும், அதை நம்ப முடியாது என்று ஸ்கேன் எடுத்தார். ரத்தக் கட்டி இல்லை. ஆனால் ஹீமோகுளோபின் 84. இங்கே பெண்களுக்குக் குறைந்தது 120 அளவில் இருக்க வேண்டும். இஸ்தான்புல்லில் அன்று காலை எடுத்த ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்று கேட்டார். எங்களிடம் கடதாசி இல்லை. எத்தனை லீற்றர் கொழுப்பு எடுத்தார்கள்? தெரியாது. ஒப்பரேசன் குறிப்பு எங்கே? எங்கள் கையில் இருந்தது ஹோட்டல் ரசீதும் ஒரு மருந்துச் சீட்டும். நான் அந்த இடத்தில் வெட்கத்தால் குறுகிப்போனேன்.

பிறகு ஒரு நேர்ஸ் வந்து, கடந்த 12 மாதத்தில் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் தங்கினீர்களா என்று கேட்டுவிட்டு அவளைத் தனி அறைக்கு மாற்றினா. மருந்துக்கு மடியாத கிருமி இருக்கிறதா என்று பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்தார்கள். எங்களை ஏதோ தீட்டுப் போல ஒதுக்குகிறார்கள் என்று தங்கச்சி அழுதாள். காரணத்தை அந்த நேர்ஸே விளங்கப்படுத்தினா. கிருமியைப் பல மருந்துகளுக்கு மடியாமல் காக்கிற என்டிஎம்-1 என்ற நொதியைப் பற்றி 2010-இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் குடும்பத்து இதழ் ஒன்றில் ஒரு ஆய்வு வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. பிரிட்டனில் அந்தக் கிருமி கண்டவர்களில் பலர் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ போய் வந்தவர்கள், அங்கே அழகு சிகிச்சை செய்தவர்களும் அதற்குள் இருந்தார்கள். சென்னைக்குப் போய்ப் பல்லுக்கும் முகத்துக்கும் செய்துகொண்டு வருகிற எங்கள் ஆட்கள் இதைத் துருக்கிக் கதை என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தையல் பிரிந்த பிறகு வந்த பதினொரு கிழமைதான் நீண்டது. கிழமைக்கு மூன்று நாள், எங்கள் ஜிபி, அதாவது குடும்ப டொக்டர் நிலையத்து நேர்ஸ். அவ ஒரு மெல்லிய பஞ்சுக் குச்சியைப் புண்ணுக்குள் விட்டு, நகத்தால் அடையாளம் பிடித்து, வெளியே எடுத்து அளவுகோலில் வைப்பா. முதல் நாள் 4 சென்ரிமீற்றர். பிறகு கடற்பாசியில் இருந்து செய்கிற ஒரு வெள்ளை நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே மடித்து வைப்பா. ஒரு கிழமை 3.5, அடுத்த கிழமையும் 3.5. அந்தக் கிழமை தங்கச்சி காரில் வாய் திறக்கவில்லை. அம்மா கிரந்தி, புண்ணுக்குக் கூடாது என்று நண்டு, இறால், கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தா. புண் ஆற புரதம் வேணும், முட்டையும் மீனும் பருப்பும் நல்லாச் சாப்பிட வேணும் என்று நேர்ஸ் சொன்னதைக் கேட்டுவிட்டு, அம்மா பிள்ளைப்பெத்த வீட்டில் செய்கிற மாதிரிப் பால்சுறா வறையில் இறங்கினா. "உள்ளுக்க இருந்து ஆறோணும் பிள்ளை, மேலால மூடினால் சரியில்லை" என்றா. நேர்ஸ் சொன்னதும் அதேதான்.

என்எச்எஸ் உயிருக்கும் தொற்றுக்கும் பார்க்கும். தழும்பை வடிவாக்கித் தராது. தனியார் சர்ஜன் ஒருவரிடம் 250 பவுண்ஸ் கொடுத்துப் போனோம். பொறுமையாகப் பார்த்தார். இன்னொருவர் செய்த ஒப்பரேசனில் ஒரு வருடம் முடியும் முன் கை வைக்க மாட்டேன் என்று மரியாதையாகச் சொன்னார். பயணக் காப்புறுதியைத் தூக்கிப் பார்த்தால், திட்டமிட்டுப் போகிற சிகிச்சைக்கு எதுவும் கிடையாது என்று நாலாம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒருநாள் இரவு கணக்குப் போட்டேன். 3,600 கட்டணம், இரண்டு பேர் விமானம் 420, ஏழு கிழமைச் சம்பளம் போனது 2,100, பஞ்சு, கட்டு, வாகனத் தரிப்பு 260, அந்த 250. மொத்தம் 6,630. லண்டனில் செய்திருந்தாலும் சில கிழமைச் சம்பளம் போயிருக்கும், உண்மை. ஆனால் தையல் பிரிந்தால் வெட்டின டொக்டரின் வாசலில் போய் நின்றிருக்கலாம்.

மே மாதம் எனக்கும் நாள் நெருங்கியது. அவர்கள் மிச்சக் காசு கேட்டார்கள். போவதா விடுவதா என்று முடிவெடுக்காமலே ஜிபியிடம் போனேன். ஐந்து மாதத்தில் ஒரு டொக்டரின் கை என் வயிற்றில் பட்டது அன்றுதான் முதல் தடவை. படுக்க வைத்து, தலையை மட்டும் தூக்கச் சொன்னா. நடுவில் தசை பிரிந்து கூரை முகடு மாதிரி ஒரு மேடு எழும்பியது. எழும்பி நின்று இருமச் சொன்னா. தொப்புளுக்குச் சற்று மேலே அவவின் விரலை ஏதோ தள்ளியது. குடலிறக்கம். ஸ்கேனில் உறுதியானது. பாரம் தூக்கும்போது அவ்விடத்தில் நோவதை நான் வாய்வு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

என் படங்கள் நாலும் இஸ்தான்புல்லில் இருந்தன. படத்தில் குடலிறக்கம் தெரியாது. கொழுப்பு உறிஞ்சும்போது உலோகக் குழாயைத் தோலுக்கு அடியில் முன்னும் பின்னும் இழுப்பார்கள். தசையில் ஓட்டை இருப்பது தெரியாமல் அந்த இடத்தில் இழுத்தால் குடலே குத்துப்படலாம். ஜிபி இதைச் சொன்னபோது எனக்கு நினைவு வந்தது தங்கச்சியின் வயிற்றில் போட்ட ஊதாக் கோடுகள்.

இப்போது யாராவது போகப் போகிறேன் என்று என்னிடம் கேட்டால் போகாதே என்று சொல்வதில்லை. முதலில் உன் ஜிபியிடம் போய் வயிற்றைக் காட்டு, ரத்தம் சோதி என்பேன். வெட்டப் போகிறவரின் முழுப் பெயரை எழுத்தில் வாங்க வேண்டும், அவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் நிபுணர்தானா என்று அந்த நாட்டுச் சங்கத்தில் பார்க்க வேண்டும், காசு கட்டும் முன் அவரோடேயே வீடியோவில் கதைக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளரோடு எத்தனை மாதம் கதைத்தாலும் அது கணக்கில் வராது. துருக்கி என்றால், வெளிநாட்டு நோயாளிகளை எடுக்கிற ஆஸ்பத்திரிக்கும் இடைத்தரகு நிறுவனத்துக்கும் சுகாதார அமைச்சின் அனுமதிப் பத்திரம் வேண்டும், அதைக் கேட்டால் காட்டத் தயங்குகிறவர்களிடம் போக வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

ஒரே மயக்கத்தில் இரண்டு மூன்று ஒப்பரேசன் என்றால் நான் கடுமையாகவே மறிப்பேன். அமெரிக்காவில் இருந்து டொமினிக்கன் குடியரசுக்கு அழகு சிகிச்சைக்குப் போய் 2009 முதல் 2022 வரை 93 பேர் இறந்ததாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் எழுதியது. பிரேதப் பரிசோதனை அறிக்கை கிடைத்தவர்களில் பாதிக்கு மேல் கொழுப்பு போய் அடைத்தது, அடுத்த காரணம் ரத்தக் கட்டி. விரிவாக ஆராயப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் செய்திருந்தார்கள். மலிவு என்று பொதியாக வாங்கும்போது சேர்வது இந்த அபாயம்தான்.

கடதாசி. வெளியேறும் முன் ஒப்பரேசன் குறிப்பு, ரத்த முடிவு, தந்த மருந்துகள் எல்லாம் ஆங்கிலத்தில் கையில் இருக்க வேண்டும். மார்பில் பை வைக்கிறவர்கள் அந்தப் பையின் ஸ்ரிக்கரை விடவே கூடாது. பிஐபி என்ற பிரெஞ்சுக் கம்பனி மருத்துவத்துக்கு ஆகாத தொழிற்சாலை சிலிக்கோனை நிரப்பியது 2010-இல் வெளியானபோது, தங்களுக்குள் இருப்பது எந்தக் கம்பனிப் பை என்று தெரியாமல் தவித்த பெண்கள் பல நாடுகளில் இருந்தார்கள். பத்து நாளுக்கு முன் திரும்பி வராதபடி தங்குமிடத்துக்குச் சொந்தக் காசு வைத்துக்கொள்ள வேண்டும். கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்காவது தொடாமல் ஒதுக்கி வைக்க வேண்டும்.

இவ்வளவும் கேட்டு முடித்த பிறகு நான் கேட்கிற கடைசிக் கேள்வி, மூன்றாவது கிழமை உன் புண்ணை யார் பார்ப்பார்கள் என்பது. பெயர் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி அந்தக் கேள்விக்கு நேரமெடுத்து யோசித்துவிட்டு, பயணத்தைத் தள்ளிப்போட்டு, இங்கே கட்டுப் போட ஒரு தனியார் நேர்ஸை முதலிலேயே ஒழுங்குபடுத்திக்கொண்டு போனாள். நல்லபடியாகத்தான் வந்தாள். பதினாலு நாள் அங்கே நின்றாள்.

என் 500 பவுண்ஸ் திரும்பக் கிடைக்கவில்லை. இன்னொருவருக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று எழுதினேன்.

தங்கச்சியின் புண் மூடிவிட்டது. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத் தழும்பு தடித்துச் சிவந்து நிற்கிறது, இரவில் சிலிக்கோன் ஒட்டு போட்டுக்கொண்டு படுக்கிறாள். சாறியும் கட்டுகிறாள். தோல் மடிப்பும் புண்ணும் போனது சந்தோசம்தான் என்கிறாள், அதை நான் மறைக்கவில்லை. "ஆனா அக்கா, அந்தப் பதினொரு கிழமையைத் திருப்பித் தந்தால் நான் அப்பிடிப் போகமாட்டன்" என்று மட்டும் சொன்னாள்.

குடலிறக்கத்துக்கு எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. செப்டம்பர் 9, காலை ஒன்பதரைக்குச் சர்ஜனைப் பார்க்க வேண்டும். கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்ததைத் தங்கச்சி பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுத்து, அன்றைக்கு லீவு என்று தன் வேலைக்கு அனுப்பிவிட்டாள்.